படுத்தெழும்பாத ஊர்

“கண்டி எப்பிடி ராத்தா, நல்ல குளிரா?” என்று ஒருமுறை வேனை ஓட்டிக்கொண்டே கேட்டேன். அதற்கு முந்தைய கிழமைதான் அவர் சொந்தக்காரர் ஒருவரின் காரில் கண்டிக்குப் போய் வந்திருந்தார். பின்சீற்றில் சாய்ந்திருந்த ராத்தா நிமிர்ந்தார்.

“தெரியா தம்பி. ரோட்டால போய் வந்தன். படுக்கல்ல.”

“படுக்காட்டி என்ன ராத்தா, ஊரக் கண்டீங்கதானே?”

“கண்ணாடிக்குள்ளால ஒரு ஊரக் காண ஏலுமா? படுத்து எழும்பினாத்தான் ஊரு நம்மோட ஒரு வார்த்தை கதைக்கும். அதுக்கு முந்தி நாம அதப் பத்திக் கதைச்சா, அது கேள்விப்பட்ட கதை.”

பிள்ளைகளே, உங்கள் வாப்பா பத்தாம் வகுப்போடு நின்றவன். வேனில் எத்தனையோ விதமான ஆட்களை ஏற்றி இறக்கியிருக்கிறேன். பெரிய படிப்புப் படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள், வெளிநாட்டில் வீடு வாங்கியவர்கள் எல்லாரும் அதில் உண்டு. எல்லாருக்கும் எல்லா ஊரைப் பற்றியும் ஒரு சொல் இருந்தது. தெரியாது என்று சொல்ல வெட்கப்படாத ஆளாக நான் கண்டது இந்த ராத்தாவைத்தான். அவரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு பிரமிப்பு வருகிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

சொந்த அக்கா இல்லை, மரியாதைக்குத்தான் ராத்தா என்கிறேன். அவர் இங்கிலாந்தில் இருந்து லீவுக்கு வருகிறவர். பிறந்த ஊர் அக்கரைப்பற்று. கல்யாணம் முடித்த கையோடு புருஷனுடன் போனவர். வந்தால் கல்முனையில் இருந்து என் வேனைத்தான் கூப்பிடுவார், திரும்பிப் போகும்வரை விடமாட்டார். கறுப்பு அபாயா, அதற்குக் கீழே ஆண்கள் போடுகிற மாதிரி தடித்த சப்பாத்து, கையில் எப்போதும் ஒரு குடை. வெயிலோ மழையோ குடை இல்லாமல் இறங்கமாட்டார்.

நம் ஆட்களுக்கு அந்த நாடு முழுவதும் லண்டன்தான். அங்கே எந்த மூலையில் இருந்தாலும் “மகன் லண்டன்ல” என்றுதான் சொல்வோம். ராத்தாவையும் இறைச்சிக்கடைக்காரர் முதற்கொண்டு எல்லாரும் “லண்டன் ராத்தா” என்பார்கள். அவர் சலிக்காமல் திருத்துவார்.

“லண்டன் இல்ல வாப்பா. வடக்கு.”

“ரெண்டும் ஒண்டுதானே ராத்தா?”

“மருதமுனையும் அக்கரைப்பற்றும் ஒண்டா?”

இறைச்சிக்கடைக்காரர் கத்தியை எடுத்து இறைச்சியை வெட்டத் தொடங்கிவிடுவார்.

அவருடைய ஊர் மான்செஸ்டருக்கும் அங்கால், மலையடியில் இருக்கிறதாம். பழைய பஞ்சாலைகள் மூடிக் கன காலம், புகைபோக்கிகள் மட்டும் நிற்கின்றனவாம். புருஷன் அங்கே பஸ் ஓட்டியவர், மவுத்தாகி அங்கேயே அடக்கமாகிவிட்டார். ராத்தா மெத்தை தைக்கிற பெக்டரியில் வேலை செய்தார். பிள்ளை என்று இருந்தது ஒரே மகள். இதை மறந்துவிடாதீர்கள், பின்னால் சொல்லப்போகிற கதையில் எல்லாமே அந்த ஒரே மகளில்தான் நிற்கிறது.

அந்த நாட்டுக்குள்ளேயே ஒரு வடக்கும் ஒரு தெற்கும் இருந்து, ஒன்றையொன்று பார்த்துச் சிரிக்கிறது என்று எனக்குச் சொன்னது அவர்தான். தெற்கில் உள்ளவர்கள் வடக்கானை ஒரு படமாகக் கீறி வைத்திருக்கிறார்களாம். தட்டைத் தொப்பி போட்டிருப்பான், கொல்லையில் புறா வளர்ப்பான், ‘பை’ என்று தட்டு அளவில் ஒரு பெரிய பெட்டிஸை, மாவுக்குள் இறைச்சி வைத்து மூடிச் சுட்டுத் தின்பான், பந்தடி பார்ப்பான், நாடகமும் ஓவியமும் அவனுக்கு ஆகாது. வடக்கில் உள்ளவர்கள் சும்மா இருப்பார்களா? தெற்கான் என்றால் நுரை பொங்குகிற கோப்பி குடிக்கிறவன், பக்கத்து வீட்டுக்காரனின் முகம் தெரியாதவன், மூக்கை உயர்த்திக்கொண்டு பாட்டுக் கச்சேரிக்குப் போய் அங்கே நித்திரை கொள்கிறவன்.

“இதெல்லாம் மெய்யா ராத்தா?” என்று கேட்டேன்.

“புறா வளக்கிற ஒருத்தர் எங்கட தெருவுல இருந்தார். மெய். ஆனா அவர்ட புறாக் கூட்டுக்குள்ள எந்த நேரமும் வயலின் பாட்டுப் போடுவார். புறாவுக்கு அதுதான் விருப்பம் எண்டு சொல்லுவார். ஆருக்கு விருப்பமோ, எனக்குத் தெரியா.”

அவருக்கு இந்தக் குணம் எப்படி வந்தது என்பதையும் ஒருநாள் சொன்னார். புதுப் பெண்ணாக அங்கே போய் இறங்கிய முதல் மாரி. வெள்ளைக்காரன் பக்கத்து வீட்டை எட்டிப் பார்க்கமாட்டான், வந்தால் சண்டைக்குத்தான் வருவான் என்று இங்கே சொந்தக்காரர்கள் சொல்லி அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் பின்னேரம் யாரோ கதவைத் தட்டினார்கள். ராத்தா திறக்கவில்லை. திரைச்சீலைக்குள்ளால் பார்த்தால் பக்கத்து வீட்டுக் கிழவி. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார். வாசற்படியில் ஒரு ‘பை’, துணியால் மூடியபடி. இறைச்சிப் பை. ஹலால் இல்லை என்று ராத்தா அதைத் தொடவில்லை, அப்படியே கிடந்தது. கிழவி வந்து அதைத் தூக்கிக்கொண்டு போனார். கோபித்துக்கொண்டார் என்று நினைத்தாராம் ராத்தா. ரெண்டொரு நாள் கழிய மறுபடி கதவு தட்டுப்பட்டது. மறுபடியும் ஒரு பை. இந்த முறை மேல் மாவிலேயே வெங்காயத்தைப் போல ஒரு வடிவம் கீறியிருந்ததாம். உள்ளே சீஸும் வெங்காயமும் மட்டும். யாரிடமோ போய், முஸ்லிம்கள் எதைச் சாப்பிடுவார்கள் என்று விசாரித்துவிட்டுச் செய்திருக்கிறார்.

“அண்டைக்கு அழுதன் தம்பி,” என்றார். “அந்த ஊருல நான் ஒரு ராத்திரியும் ஒழுங்காப் படுக்கல்ல. கதவப் பூட்டிட்டு முழிச்சிட்டு இருந்தன். ஆனா அந்த ஊரப் பத்தி எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்தன்.”

இதை அவர் ஒரு கதையாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. அதன்படியே நடந்தார். எனக்கு அதுதான் ஆச்சரியம். நல்ல வார்த்தை சொல்ல எல்லாராலும் முடியும்.

ஒரு கல்யாண வீட்டில் பெண்கள் இருந்து கதைத்துக்கொண்டிருந்தபோது ஒருத்தி, அக்கரைப்பற்றுக்கு அங்கால் உள்ள வயற்காட்டு ஊரைப் பற்றி, “சாகாமத்துல என்ன இரிக்கி? குளமும் நுளம்பும்தான், பொழுதுபட்டா ஆனை,” என்று சொல்லியிருக்கிறாள். ராத்தாவின் வாப்பாவுக்கு அந்தப் பக்கம் வயல் இருந்தது. ஒரு தமிழ்க் குடும்பம் அதை வாரத்துக்குச் செய்துவந்தது. ஆனால் ராத்தா அங்கே தங்கியதில்லை. அடுத்த நாளே வேனுக்கு ஆள் அனுப்பிவிட்டார்.

“எங்க ராத்தா?”

“சாகாமம். படுத்திட்டு வருவம்.”

“நானுமா?”

“நீங்க வேனுக்குள்ள படுங்க. அதுவும் சாகாமம்தானே.”

அந்த வயலைச் செய்த வீட்டு அம்மா எங்களைக் கண்டதும் பதறிப்போனார். பிறகு மகனைச் சைக்கிளில் அனுப்பிப் புதுச் சட்டியும் புது அகப்பையும் வாங்குவித்து, அரிசியோடு ராத்தாவின் முன்னால் வைத்தார். “நீங்களே ஆக்குங்கம்மா, உங்களுக்கு மனசுக்குச் சரியா இருக்கும்,” என்றார். ராத்தா அந்தப் புதுச் சட்டியில் சமைத்து, அந்த வீட்டு ஆட்கள் எல்லாருக்கும் தன் கையால் போட்டுக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன்.

விடிந்து வேனுக்கு வந்த ராத்தாவின் ரெண்டு கையும் கடிபட்டுத் தடித்துச் சிவந்திருந்தன.

“நுளம்பெண்டது மெய்தான் தம்பி. பச்சை மெய்.”

“கல்யாண ஊட்டுல சொன்னாங்கதானே.”

“ஆனா விடியக்க அந்த மனிசி குளத்துக்கட்டுல நிண்டு ரேடியோவுல இங்கிலிஸ் செய்தி கேக்கா. வெளங்குமா எண்டு கேட்டன். ஒரு சொல்லும் வெளங்காதாம். அந்தச் சத்தம் புடிக்குமாம். இத ஒருத்தரும் சொல்லல்லியே.” கொஞ்சத் தூரம் போனதும் தானாகச் சிரித்தார். “எங்கட பெக்டரியில ஒருத்தி, எனக்குப் பக்கத்து மெசின். இத்தாலிப் பாட்டுக் கச்சேரிக்கு வருசா வருசம் டிக்கட் எடுத்துப் போவா. அவளுக்கும் ஒரு சொல்லு வெளங்கா. அழுதிட்டு வந்து திங்கக்கிழமை மெத்தை தைப்பா.”

அறுகம்பேக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போனேன். கடற்கரைக் கடையொன்றில் பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தோம். அலையில் சறுக்கிவிட்டு வந்த ரெண்டு வெள்ளைக்கார இளந்தாரிகள் பக்கத்து மேசையில் இருந்தார்கள். கடைக்காரருக்குச் சொல்லத் தெரியாமல் அவர்கள் தடுமாறியதைக் கண்டு, ராத்தா இங்கிலீசில் ஏதோ சொல்லி உதவினார். அவ்வளவுதான். ரெண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து, பிறகு ராத்தாவைப் பார்த்து, மேசையில் அடித்துச் சிரித்தார்கள். எனக்குச் சுர்ரென்று வந்தது. எழும்பப் பார்த்தேன். ராத்தா கையைக் காட்டி இருத்தினார்.

பிறகு வேனில் வரும்போது விளக்கினார். ராத்தாவின் இங்கிலீசு முழுக்க வடக்கு இங்கிலீசு. பெக்டரியில் பழகியது. “கண்ண மூடினா அவனுகட ஊட்டுக் கூரை திருத்த வந்த வடக்கான் கதைக்கிற மாதிரி இரிக்காம். கண்ணத் திறந்தா அபாயா போட்ட மனிசியாம். லண்டன் பொடியனுகள். நல்ல புள்ளைகள்தான்.”

“என்னென்னமோ கேட்டானுகளே?”

“புறா இரிக்கா எண்டு கேட்டான். பை புடிக்குமா எண்டு கேட்டான். புடிக்கும் எண்டன். நாடகம் எப்பவாவது பாத்திருக்கிறயா எண்டு மத்தவன் கேட்டான். எங்கட ஊருக்கு வந்து படுத்திருக்கிறயா எண்டு நான் கேட்டன். இல்லியாம். விலாசம் குடுத்தன்.”

“வருவானுகளா?”

“வந்தா கட்டில் இரிக்கி. வராட்டியும் கட்டில் இரிக்கி.”

இனி அந்தக் கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன்.

ராத்தாவின் மகளுக்கு லண்டனில் ஒரு மாப்பிள்ளை பொருந்தி வந்தது. மாப்பிள்ளையின் வாப்பா மருதமுனை ஆள். அது கல்முனைக்கு வடக்கே, அக்கரைப்பற்று தெற்கே. நாங்கள் அவரை அண்ணன் முறையில் லண்டன் காக்கா என்போம், அவர் உண்மையாகவே லண்டனில் இருந்தவர். அவருக்கும் பிள்ளை என்று ஒரே மகன், ஆஸ்பத்திரியில் வேலை. பிள்ளைகள் ரெண்டு பேரும் அங்கேயே கதைத்துப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஊரில் வைத்துப் பேசி முடிப்பது என்று ரெண்டு குடும்பத்துப் பெரியவர்களும் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டு ஒரே லீவில் வந்து இறங்கினார்கள்.

எங்கள் கரையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருக்கவேண்டும். பெண் போவதில்லை. கடல் தாண்டிப் போனாலும் நம் ஆட்கள் இதை விடவில்லை. அப்படியானால் லண்டனில் பிறந்த மாப்பிள்ளை வடக்குக்குப் போகவேண்டும். மகள் லண்டனுக்குப் போய்விட்டால் ராத்தாவுக்கு அந்த மலையடி ஊரில் ஒரு துணை இல்லை. பேச்சு முழுவதும் இந்த ஒரு முடிச்சில்தான் நின்றது.

மருதமுனை வீட்டுக்கு ராத்தாவையும் அவருடைய மூத்த சகோதரரையும் நான்தான் கொண்டு போனேன். வாசலில் நின்ற என்னையும் உள்ளே கூப்பிட்டு ஒரு கதிரை தந்தார்கள். லண்டன் காக்கா மடிப்புக் கலையாத சேர்ட்டுடன் நடுவில் இருந்தார். அவருடைய மனைவி உள்ளறை வாசலில், பாதி திரைக்குப் பின்னால்.

“எனக்கு உங்கட மகளில ஒரு குறையும் இல்ல,” என்று காக்கா தொடங்கினார். “ஆனா வடக்குக்கு மகன அனுப்ப எனக்கு மனமில்ல. அவன் நாடகத்துக்குப் போற புள்ள. ஓவியம் பாக்கப் போவான். லீவெண்டா புத்தகக் கடையிலதான் நிப்பான். அங்க என்ன இரிக்கி, சொல்லுங்களன்? மழை. பந்து. உருளைக்கிழங்குப் பொரியலுக்கு மேல ஆணத்த ஊத்தித் திங்கிற ஊரு.”

“சோத்துக்கு மேல ஆணத்த ஊத்தித்தானே காக்கா நாமளும் திங்கிற,” என்றார் ராத்தாவின் சகோதரர்.

யாரோ சிரித்தார்கள், நான்தான் என்று நினைக்கிறேன். காக்காவின் முகம் கறுத்துவிட்டது.

“உங்களுக்கு இது வெளங்கா. அக்கரைப்பற்று ஆக்கள். வயலும் மாடுமா இருந்து பழகினவங்க. நாங்க சின்ன வயசிலயே கவியரங்கு கேட்டு வளந்தவங்க.”

சகோதரர் எழும்பி நின்றார். “எழும்பு தங்கச்சி. போவம்.”

ராத்தா எழும்பவில்லை. கோபமும் படவில்லை. குடையை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “இங்க தெற்கெண்டு சிரிக்காங்க. அங்க வடக்கெண்டு சிரிக்காங்க. எனக்கெண்டு ஒரு திசை இல்லாமப் போயிட்டு.” பிறகு காக்காவைப் பார்த்தார். “காக்கா, நான் மருதமுனையில ஒருநாளும் படுக்கல்ல. சின்ன வயசில இருந்து மருதமுனை ஆக்கள் எண்டா வாய்க்காறர், கதை மட்டும்தான் எண்டு எங்கட பக்கம் சொல்லுவாங்க. நானும் கேட்டுட்டு இருந்திரிக்கன். எனக்கு இங்க படுக்க ஒரு பாய் தருவீங்களா?”

பிள்ளைகளே, இதைக் கேளுங்கள். பேச்சு முடியாத நேரத்தில் பெண்ணின் தாய் மாப்பிள்ளை வீட்டில் தங்குவதென்பது நாங்கள் கேள்விப்படாத காரியம்.

“உனக்கு மண்டை கலங்கிட்டா?” என்றார் சகோதரர். “நாளைக்கு ஊரு என்ன கதைக்கும்?”

“கதைக்கட்டும். ஊரும் இங்க படுக்கல்ல.”

அப்போதுதான் திரைக்குப் பின்னாலிருந்து காக்காவின் மனைவி முதல் தடவையாக வாய் திறந்தார்.

“பாய் என்னத்துக்கு. கட்டில் இரிக்கி.”

சகோதரர் கோபத்தில் வேனிலும் ஏறாமல் ரோட்டில் போய் பஸ் பிடித்தார். நான் கல்முனைக்கு வந்தேன். நான் வந்து சேருவதற்குள் கதை வந்து சேர்ந்துவிட்டது. தேநீர்க் கடையில் ஒருவர், “பொண்ணுட உம்மா சீதனத்தோட தானும் போயிட்டாவாமே,” என்றார். கடை முழுக்கச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் எனக்கும் பயமாகத்தான் இருந்தது. இந்த மனிசி தன் மகளின் கல்யாணத்தைத் தன் கையாலேயே குலைத்துவிடப் போகிறாரோ என்று நினைத்தேன்.

அடுத்த நாள் காலையில் போனேன். ராத்தாவும் காக்காவின் மனைவியும் கிணற்றடியில் இருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். முற்றத்து மாமரத்துக்குக் கீழே காக்கா போனில், ஊருக்கே கேட்கிற மாதிரிக் கதைத்துக்கொண்டிருந்தார். “சாப்பிட்டயா? என்ன சாப்பிட்ட? கதவப் பூட்டினயா? குளிர்ச்சட்ட போடு மகன்.” அங்கே அது நடுச்சாமமாக இருந்திருக்கும்.

“போயிட்டு நாளைக்கு வாங்க தம்பி,” என்றார் ராத்தா. “இன்னும் முடியல்ல.”

அதற்கடுத்த காலை நான் போனபோது குடையும் பையுமாக வாசலில் நின்றார். வேனில் ஏறும் முன்னம் என்னைத் தள்ளிக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

“அவருக்குப் பிரச்சினை வடக்கு இல்ல தம்பி. அவர் லண்டன்ல டாக்சி ஓடினவர். கன வருசம். நாடகத்துக்குப் போற ஆக்கள அந்தப் பெரிய வாசல்ல இறக்கி இறக்கிப் போவாராம். தான் ஒருநாளும் உள்ளுக்குப் போகல்ல. இப்ப அந்த வாசலால தன்ட மகன் நுழையிறான். அது போயிடுமோ எண்டு பயம். அதோட, விடியக்க தொழுதிட்டு மகன்ட குரலக் கேக்காம அவருக்குத் தேத்தண்ணி இறங்குதில்ல. இத அந்த மனிசன் நம்மளுக்குச் சொல்லுவாரா? மழையெண்டும் ஆணமெண்டும்தான் சொல்லுவார்.”

பிறகு முற்றத்துக்குத் திரும்பிப் போய் காக்காவின் முன்னால் நின்றார். நான் வேனின் கதவைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டேன்.

“காக்கா, மாப்புள்ள எங்கட ஊட்டுக்கு வரவேணாம். மகள் உங்கட ஊட்டுக்கு வருவா. லண்டனுக்கு.”

காக்கா எழும்பினார். “நம்மட பக்கம் அப்பிடி ஒரு வழக்கம் இல்லியே.”

“இல்லத்தான்.”

“அப்ப நீங்க?”

“எனக்கு என்ன, வேலை இரிக்கி. தெரு ஆக்கள் இரிக்காங்க.” அவ்வளவுதான் சொன்னார். ஸலாம் சொல்லிவிட்டு வந்து ஏறி, பின்சீற்றில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் துணிவு வரவில்லை. தன்னிடம் இருந்த ஒரே ஒரு பொருளை, தன்னைப் பார்த்துச் சிரித்த மனிதனிடம், அவனுடைய பயத்தைக் கண்டுவிட்ட காரணத்துக்காகக் கொடுத்துவிட்டு வந்து இருக்கிறார். அப்படியொரு காரியத்தை நான் அதற்கு முன்னம் கண்டதில்லை. பிறகும் காணவில்லை.

வேனைக் கிளப்பினேன். வளவு வாசலின் கடப்படியைத் தாண்டவில்லை, “நில்லுங்க தம்பி” என்று ஒரு குரல். காக்காவின் மனைவி. அபாயாவின் பொத்தானைப் போட்டபடி, கையில் ஒரு சின்னப் பையோடு ஓடி வந்தார்.

“எங்க போற?” என்று காக்கா பின்னால் வந்தார்.

“அக்கரைப்பற்றுக்கு. சம்மந்தி ஊட்டுக்கு.”

“எப்ப வருவ?”

“தெரியா. மீன் ஆணம் சட்டியில இரிக்கி. சோத்த நீங்க ஆக்குங்க.”

ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினார். காக்கா சாறனைப் பிடித்தபடி கடப்படியிலேயே நின்றார்.

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். காக்காவின் மனைவி அக்கரைப்பற்றில் தங்கிவிட்டு வந்தபோது காக்கா மறுபேச்சுப் பேசவில்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்தது. மாப்பிள்ளை வடக்குக்குத்தான் போனார், ராத்தாவின் வீட்டுக்கே. அங்குள்ள ஆஸ்பத்திரியில் வேலை எடுத்தார். பக்கத்து ஊரில் ஒரு நாடகக் கொட்டகை இருக்கிறதாம். மருமகனும் மாமியும் சேர்ந்து போவார்களாம். காக்காவும் மனைவியும் குளிர் காலத்துக்கு அங்கே போனார்கள், மகன் அவரையும் ஒருநாள் அந்தக் கொட்டகைக்குக் கூட்டிப் போனானாம். ராத்தா இப்போது ஊருக்கு வருவதில்லை, முழங்காலில் வருத்தம்.

ஆனால் எனக்கு அவரை நினைத்தால் இதெல்லாம் நினைவில் வருவதில்லை. அந்தக் காலைப் பயணம்தான் வருகிறது. மருதமுனையில் இருந்து கல்முனை வரைக்கும் பின்சீற்றில் ரெண்டு பேரும் ஆளுக்கொரு ஜன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார்கள். சாய்ந்தமருதைத் தாண்டும்போது காக்காவின் மனைவி தொடங்கினார்.

“மகன் உங்கட ஊட்டுக்கு வருவான்.”

“வேணாம். நாஞ் சொல்லிட்டன். மகள் உங்களிட்ட வருவா.”

“நீங்க உங்கட பாட்டுக்குச் சொன்னா? நான் பெத்த உம்மா இல்லியா? என்னட்டக் கேட்டீங்களா?”

“உங்களுக்கு ஒரே மகன்.”

“உங்களுக்கு ஒரே மகள். எனக்குப் பக்கத்துல ஒரு மனிசன் இரிக்கார், எந்த நேரமும் தொணதொணத்திட்டு. உங்களுக்கு ஆரு இரிக்கா?”

கண்ணாடியில் பார்த்தேன். ராத்தா முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு “அப்பிடிக் கதைச்சா நான் இதுல இறங்கிருவன்,” என்றார்.

“இறங்குங்களன். நானும் இறங்குவன்.”

“மாப்புள்ளைக்கு லண்டன்தான் சரி.”

“அவனுக்கு உங்கட மகள்தான் சரி. ஊரு எதுவா இருந்தா என்ன?”

நிந்தவூர் வயல்களுக்கு நடுவில் போய்க்கொண்டிருந்தோம். ரெண்டு தாய்மார், ஒருவருக்கொருவர் பிள்ளையைக் கொடுத்துவிட அடிபட்டுக்கொண்டு பின்னால் வருகிறார்கள். ஒருத்தியின் குரல் உயர்ந்தால் மற்றவளின் குரல் அதற்கு மேல் போகிறது. அக்கரைப்பற்று அங்கிருந்து தூரம் இல்லை. பின்னால் வந்த பஸ்காரன் ஹோர்ன் அடித்துத் திட்டிக்கொண்டு முந்திப் போனான். நான் வேனை ஓரமாக எடுத்து, இன்னும் மெதுவாக ஓட்டினேன். அவர்கள் அடிபட்டு முடியட்டும்.